அமெரிக்காவில் கார் லீஸ்: மாதத் தவணைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கும் அதை வைத்துப் பேசும் பேரமும்

என் முதல் லீஸில் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மேனேஜர் முதலில் காட்டிய தவணை 469 டாலர். கட்டுப்படியாகாது என்று எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார், பத்து நிமிடம் கழித்து வந்து 439 என்றார். மாதத்துக்கு 30 டாலர் குறைத்த பெருமையோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இரவு காகிதங்களை அடுக்கி வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: முதல் தாளில் கையெழுத்தின்போது கட்ட வேண்டிய தொகை 2,000 டாலர், கடைசித் தாளில் அது 3,000. மாதம் 30 வீதம் 36 மாதத்துக்கு 1,080. என் பையிலிருந்து எடுத்த பணத்தையே எனக்குத் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தவணையை வைத்து நான் பேரம் பேசுவதில்லை. தவணை என்பது ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்குக்குள் நான்கு எண்கள் இருக்கின்றன. அவற்றில் எதை அசைக்க முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், லீஸ் உங்களுக்குத் தோதுப்படுமா?

லீஸ் என்பது நீண்ட கால வாடகை. மூன்று வருடத்தில் கார் எவ்வளவு மதிப்பு இழக்குமோ அதையும், அந்தப் பணத்துக்கான வட்டியையும் கட்டுகிறீர்கள். முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், முன்பே எழுதி வைத்த விலைக்கு வாங்கியும் கொள்ளலாம். பத்து வருடம் ஒரே காரை ஓட்டுகிற ஆள் என்றால் வாங்குவதுதான் மலிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்கள், பேட்டரி கார் வாங்கினால் நாளைக்கு என்ன விலை போகுமோ என்று தயங்குகிறவர்கள், இவர்களுக்கு லீஸ் சரிப்படும். விலை சரிந்தால் அது ஃபைனான்ஸ் கம்பெனியின் தலைவலி.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் லீஸை நடுவில் முறிப்பது மிகவும் செலவு பிடிக்கும். பல ஒப்பந்தங்களில் மிச்சத் தவணைகளில் பெரும்பகுதி உங்கள் தலையில்தான் விழும். வேறொருவர் பெயருக்கு லீஸை மாற்றித்தர சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை, இன்னும் சில மாற்றிய பிறகும் உங்களையே பொறுப்பாளியாக வைத்திருக்கின்றன. இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கணக்கில் இருக்கும் எண்கள்

முதல் எண், காரின் விலை. லீஸ் பத்திரத்தில் இதற்குப் பெயர் ‘கேப்பிடலைஸ்டு காஸ்ட்’. பேச்சுவழக்கில் கேப் காஸ்ட். வாங்கும்போது எப்படிப் பேரம் பேசுவீர்களோ அப்படியே இதையும் பேசலாம். “லீஸுக்கு ஸ்டிக்கர் விலைதான் சார்” (உற்பத்தியாளர் குறித்து, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை) என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தள்ளுபடிகளும் நீங்கள் கொடுக்கும் முன்பணமும் கழிந்த பிறகு நிற்பது அட்ஜஸ்டட் கேப் காஸ்ட்.

இரண்டாவது, ரெசிட்யூவல். லீஸ் முடியும் நாளில் காருக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று ஃபைனான்ஸ் கம்பெனி இன்றே எழுதி வைக்கும் தொகை. ஸ்டிக்கர் விலையில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். நீங்கள் பேரம் பேசிக் குறைத்த விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை டீலரால் மாற்ற முடியாது, அதனால் இதில் பேரமும் கிடையாது. ஆனால் எந்தக் காரை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இதுதான் ராஜா. ஒரே 40,000 டாலர் ஸ்டிக்கர் கொண்ட இரண்டு கார்களில் ஒன்றின் ரெசிட்யூவல் 62 சதவீதம், மற்றொன்றின் ரெசிட்யூவல் 52 சதவீதம் என்றால், வித்தியாசம் 4,000 டாலர். மாதத் தவணையில் 100 டாலருக்கு மேல். எவ்வளவு பேரம் பேசினாலும் அவ்வளவு குறைப்பது கடினம்.

மூன்றாவது, மணி ஃபேக்டர். வட்டிக்கு லீஸ் உலகத்தில் வைத்த பெயர். 0.00200 என்பது போல் பார்க்கவே அற்பமாக இருக்கும். 2,400 ஆல் பெருக்குங்கள், 4.8 சதவீதம் என்று வரும். ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு ஏற்ற ஒரு அடிப்படை மணி ஃபேக்டரை வைத்திருக்கும். அதன்மேல் கம்பெனி அனுமதிக்கும் அளவுக்கு டீலர் கொஞ்சம் ஏற்றி, அந்த வித்தியாசத்தைத் தன் லாபமாக வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி அதில் தவறில்லை. நீங்கள் கேட்டால் குறைப்பார்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை.

நான்காவது, காலமும் மைலும். 36 மாதம், வருடத்துக்கு 10,000 அல்லது 12,000 அல்லது 15,000 மைல் என்பதுதான் அதிகம் புழங்குவது. விளம்பரத் தவணை பெரும்பாலும் 10,000 மைலுக்கானது. தாண்டினால் மைலுக்கு 15 முதல் 30 சென்ட் வரை கடைசியில் வசூலிப்பார்கள். தாண்டுவோம் என்று தெரிந்தால், முன்கூட்டியே மைலை ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் மலிவு. பல கம்பெனிகளில் 10,000-லிருந்து 12,000-க்குப் போனால் ரெசிட்யூவல் ஒரு சதவீதம் குறையும். 40,000 டாலர் காருக்கு அது 400 டாலர். மூன்று வருடத்தில் கிடைக்கும் கூடுதல் 6,000 மைலை, 20 சென்ட் வீதம் கடைசியில் கட்டினால் 1,200.

பென்சிலும் தாளும்

ஸ்டிக்கர் விலை 40,000. பேசி முடித்த விலை 37,500. ஃபைனான்ஸ் கம்பெனி லீஸைத் தொடங்க வாங்கும் அக்விசிஷன் கட்டணம் 700. அதைக் காரின் விலையோடு சேர்த்தால் 38,200. உற்பத்தியாளர் தரும் லீஸ் கேஷ் தள்ளுபடி 1,200 கழிந்தால், அட்ஜஸ்டட் கேப் காஸ்ட் 37,000. ரெசிட்யூவல் 58 சதவீதம், அதாவது 23,200. மணி ஃபேக்டர் 0.00200. காலம் 36 மாதம்.

மதிப்பிழப்பு: 37,000-லிருந்து 23,200 போனால் 13,800. அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 383.33.

வட்டி, பத்திரத்தில் ‘ரென்ட் சார்ஜ்’: 37,000 உடன் 23,200-ஐக் கூட்டினால் 60,200. அதை 0.002 ஆல் பெருக்கினால் 120.40.

இரண்டும் சேர்ந்து 503.73 டாலர், வரிக்கு முன்.

கழிக்க வேண்டியதைப் போய்க் கூட்டுகிறார்களே என்று பலரும் இந்த இடத்தில் குழம்புவார்கள். நானும் குழம்பினேன். கார் உங்களிடம் இருக்கும் வரை கம்பெனியின் பணம் முழுவதும் அதில்தான் மாட்டியிருக்கிறது. ஆரம்பத்தில் 37,000, முடிவில் 23,200. சராசரி வேண்டுமென்றால் இரண்டையும் கூட்டி 2 ஆல் வகுக்க வேண்டும். வருட வட்டியை மாதத்துக்குக் கொண்டுவர 12 ஆல் வகுக்க வேண்டும். சதவீதம் என்பதால் இன்னொரு 100. இந்த மூன்றும் பெருகினால் 2,400. அந்த வகுத்தலை எல்லாம் மணி ஃபேக்டருக்குள் முன்பே ஒளித்து வைத்துவிட்டதால், மேலே கூட்டல் மட்டும் மிச்சம் நிற்கிறது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் இரண்டு விஷயம் மனதில் பதிந்துவிடும். விலையில் 1,000 டாலர் குறைந்தால் தவணையில் கிட்டத்தட்ட 30 டாலர் குறைய வேண்டும். “ஆயிரம் குறைத்துவிட்டேன், தவணை 12 டாலர் இறங்கியிருக்கிறது” என்று மேனேஜர் சொன்னால், மிச்சம் 18 எங்கே போயிற்று என்று கேளுங்கள். இன்னொன்று, மணி ஃபேக்டர் 0.00200-க்குப் பதில் 0.00240 ஆனால் மாதம் 24 டாலர், மூன்று வருடத்தில் 867 டாலர். நான்காவது தசம இடத்தில் ஒரு சிறு எண், அவ்வளவுதான்.

முன்பணம் கட்டாதீர்கள்

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மேலே உள்ள அதே காருக்கு 3,000 டாலர் முன்பணம் கொடுத்தால் தவணை 414.40 ஆகிறது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. மொத்தத்தில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்: 36 மாதத்தில் 3,216 டாலர் குறைகிறது, அதில் 3,000 உங்கள் பணம். லாபம் 216. ஆனால் இரண்டாவது மாதம் யாரோ சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து மோதி, கார் உருக்குலைந்து போனால் இன்சூரன்ஸ் பணம் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். கொடுத்த 3,000 பொதுவாகத் திரும்ப வராது. 216 டாலருக்காக 3,000-ஐப் பணயம் வைப்பானேன்?

கையில் பணம் இருக்கிறது, வட்டியைக் குறைக்க வேண்டும் என்றால், சில கம்பெனிகள் பல செக்யூரிட்டி டெபாசிட்டுகளை வாங்கிக்கொண்டு மணி ஃபேக்டரைக் குறைக்கும். அந்த டெபாசிட் கடைசியில் திரும்ப வந்துவிடும். உங்கள் ஃபைனான்ஸ் கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

விளம்பரங்களையும் இதே கண்ணோடு படியுங்கள். ‘மாதம் 299 மட்டுமே, கையெழுத்தின்போது 3,999’ என்று போட்டிருக்கும். அந்த 3,999-க்குள் பெரும்பாலும் முதல் மாதத் தவணையும் அடக்கம். மிச்சம் 35 மாதத்துக்கு 10,465, மொத்தம் 14,464, மாதத்துக்கு 402. இது 299 டாலர் லீஸ் அல்ல.

ஷோரூமுக்குப் போகும் முன்

காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் போங்கள். அன்று எண் எதுவும் பேச வேண்டாம், கிரெடிட் செக் செய்யவும் விட வேண்டாம். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 740 பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் மிகக் குறைந்த மணி ஃபேக்டருக்குத் தகுதி உண்டு. இந்த நாட்டுக்கு வந்து ஓரிரு வருடம்தான் ஆகிறது, ஸ்கோர் இன்னும் வளரவில்லை என்றால், லீஸை ஆறு மாதம் தள்ளிப்போடுவதே சில சமயம் நல்ல பேரம்.

அடுத்து, இந்த மாதத்து அடிப்படை மணி ஃபேக்டரும் ரெசிட்யூவலும். இவை மாதத்துக்கு மாதம் மாறும், இடத்துக்கு இடமும் மாறலாம். எட்மண்ட்ஸ் என்ற கார் தகவல் தளத்தின் விவாதப் பக்கங்களில் காரின் மாடல், ரகம், காலம், மைல், உங்கள் ஜிப் கோடு ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். காசு கிடையாது. அங்கே மற்றவர்களுக்குக் கிடைத்த பதில்களையும் ஒரு மணி நேரம் படித்தால் சந்தை நிலவரம் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: வருடக் கடைசியில் பழைய மாடல் வருடக் கார்களுக்குப் பெரிய தள்ளுபடி கிடைக்கும். வாங்குகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். லீஸுக்கு அப்படி இல்லை; பழைய மாடலின் ரெசிட்யூவலும் இறங்கியிருக்கும், தள்ளுபடியை அது தின்றுவிடும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். அதேபோல, லீஸ் எடுத்தால் பேட்டரி காருக்கு 7,500 டாலர் மத்திய அரசு வரிச்சலுகை என்று பழைய பதிவுகளில் படித்தால் நம்பிப் போய் நிற்க வேண்டாம். அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30 உடன் முடிந்துவிட்டது.

வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் மாதத் தவணைக்கு மட்டும் விற்பனை வரி. டெக்ஸாஸில் அப்படி இல்லை. காரின் முழு விலைக்கும் 6.25 சதவீதம், நம் உதாரணத்தில் 2,344 டாலர். கலிஃபோர்னியா நண்பருக்குக் கிடைத்த தவணையை ஆஸ்டினில் உட்கார்ந்து எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பேரம்: மின்னஞ்சலில் தொடங்குங்கள்

ஐந்தாறு டீலர்களின் இணைய விற்பனைப் பிரிவுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். குறிப்பிட்ட காரின் ஸ்டாக் எண்ணைப் போட்டு, இவற்றை மட்டும் கேளுங்கள்: தள்ளுபடிக்கு முந்தைய விற்பனை விலை, பொருந்தும் லீஸ் சலுகைகள், மணி ஃபேக்டர், ரெசிட்யூவல், ஒவ்வொரு கட்டணமும் தனித்தனியாக, முன்பணம் இல்லாமல் கையெழுத்தின்போது கட்ட வேண்டிய மொத்தம். பாதிப் பேர் “நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்” என்று பதில் போடுவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். எண்களை எழுதித் தரும் இரண்டு மூன்று பேர் போதும். சிறந்த விலையை மற்றவர்களிடம் காட்டி, இதைவிடக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம்.

உற்பத்தியாளரின் தள்ளுபடியை டீலர் தன் தள்ளுபடிபோலக் காட்டுவது பழைய வித்தை. ‘4,000 குறைத்துவிட்டேன்’ என்பதில் 3,000 உற்பத்தியாளர் எல்லோருக்கும் தருவதாக இருக்கும். அதனால்தான் தள்ளுபடிக்கு முந்தைய விலையைக் கேட்கச் சொன்னேன். கல்லூரி முடித்தவர்களுக்கு, ராணுவத்தினருக்கு, வேறு கம்பெனிக் காரை லீஸில் வைத்திருப்பவர்களுக்கு என்று தனிச் சலுகைகளும் உண்டு. உங்களுக்குப் பொருந்தாத சலுகையைச் சேர்த்துத் தவணையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நேரில் போனதும் முதல் கேள்வி “மாதம் எவ்வளவு கட்ட நினைக்கிறீர்கள்?” என்றுதான் வரும். எண்ணைச் சொல்லாதீர்கள். “முதலில் காரின் விலையை முடிப்போம்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் போங்கள்: விலை, பிறகு மணி ஃபேக்டர், பிறகு கட்டணங்கள். பழைய காரை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அதைக் கடைசியில் எடுங்கள். அதற்கு வெளியில் எழுத்தில் ஒரு விலை வாங்கி வைத்திருப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் ஒரு பக்கம் கொடுத்ததை மறு பக்கம் எடுப்பது சுலபம்.

மணி ஃபேக்டரைப் பற்றிப் பேசும்போது சண்டை வேண்டாம். “இந்த மாத அடிப்படை 0.00200 என்று தெரியும், அதையே போட்டுத் தாருங்கள்” என்றால் போதும். விலையில் நல்ல தள்ளுபடி கொடுத்த டீலர் இதில் கொஞ்சம் வைத்துக்கொள்ளப் பார்ப்பார். மொத்தத்தில் எது மலிவு என்று உங்கள் தாள் சொல்லும்.

கட்டணங்களில் அக்விசிஷன் கட்டணம் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது, அசையாது. பதிவுக் கட்டணம் அரசுடையது. டாக்குமென்ட் கட்டணம் டீலருடையது. சில மாநிலங்களில் அதற்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஃபுளோரிடாவில் வரம்பே இல்லை. அதைக் குறைக்க மறுத்தால் காரின் விலையில் அதே அளவு கழிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கொள்கை காப்பாற்றப்படும், உங்களுக்குப் பணம்.

ஃபைனான்ஸ் அறை

பேரம் முடிந்தது, கை குலுக்கியாயிற்று, களைத்துப் போயிருக்கிறீர்கள். அப்போதுதான் ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போவார்கள். பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடியில் எண் பொறிப்பது, டயரில் நைட்ரஜன், நீட்டித்த வாரன்டி. மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிற காருக்கு நீட்டித்த வாரன்டி எதற்கு? 3 வருடம், 36,000 மைல் வாரன்டி பெரும்பாலான கார்களோடு வந்தே விடுகிறது. கேப் (gap) இன்சூரன்ஸ் மட்டும் முக்கியமானது; கார் அழிந்தால் இன்சூரன்ஸ் தரும் தொகைக்கும் லீஸ் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அது அடைக்கும். ஆனால் பல லீஸ்களில் அது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு வகுத்தல். நுகர்வோர் லீஸ் பற்றிய 1976-ஆம் வருடச் சட்டத்தின்படி, கேப் காஸ்ட், ரெசிட்யூவல், ரென்ட் சார்ஜ், மொத்தத் தொகை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். மணி ஃபேக்டரை எழுத வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. அதனால் நாமே கண்டுபிடிக்க வேண்டும். போன வருடம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தம்பி ஒருவன் அந்த அறையிலிருந்து மெல்லிய குரலில் போன் செய்தான்.

“அண்ணா, எல்லாம் பேசின மாதிரிதான் இருக்கு. விலை 37,500 போட்டிருக்காங்க. ஆனா தவணை கொஞ்சம் கூடுதலா தெரியுது.”

“ரென்ட் சார்ஜ்னு ஒரு கட்டம் இருக்கும் பாருப்பா. எவ்வளவு?”

“5,201.”

“அதை 36 ஆல வகு. வந்ததை, அட்ஜஸ்டட் கேப் காஸ்டும் ரெசிட்யூவலும் சேர்ந்த தொகையால வகு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “0.0024 வருதுண்ணா. 0.0020 தானே பேசினோம்?”

கேட்டதும், கணினி தானாகவே போட்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்களாம். இருக்கலாம். அந்த ஒரு வகுத்தலில் 867 டாலர்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த மூன்று நாள் விதி டீலரின் கடையில் எடுக்கும் கார்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று, லீஸ் காருக்கு இன்சூரன்ஸ் அதிக அளவில் கேட்பார்கள். 100/300/50 என்ற பொறுப்பு வரம்பு சாதாரணம் (ஆயிரம் டாலர் கணக்கில், ஒருவரின் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு, பிறர் சொத்துச் சேதத்துக்கு). உங்கள் பாலிசி குறைந்தபட்ச வரம்பில் இருந்தால் பிரீமியம் ஏறும், அதையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள்.

மூன்று வருடம் கழித்து

கடைசி மூன்று மாதம் இருக்கும்போது முன்ஆய்வுக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு அளவைவிடச் சிறிய கீறல்களைப் பல கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை. டயர் தேய்மானத்தில் கறாராக இருப்பார்கள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காவது பள்ளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அவர்கள் போடும் விலையைவிட வெளியில் சரிசெய்வது பெரும்பாலும் மலிவு. இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வையுங்கள், அதற்கும் காசு கேட்பார்கள்.

திருப்பிக் கொடுக்கும் முன் சந்தை விலையைப் பாருங்கள். 2021, 2022-இல் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியபோது, ரெசிட்யூவலைவிடப் பல ஆயிரம் டாலர் அதிகம் போகும் கார்களை விவரம் தெரியாமல் சாவியோடு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அப்போது பல ஃபைனான்ஸ் கம்பெனிகள் வெளி டீலருக்கு நேரடியாக விற்பதைத் தடுத்துவிட்டன. ஆனால் நீங்களே ரெசிட்யூவல் விலைக்கு வாங்கிப் பிறகு விற்கும் வழி திறந்துதான் இருந்தது. சந்தை விலை குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சாவியைக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கென்று 300 முதல் 500 டாலர் வரை டிஸ்பொசிஷன் கட்டணம் இருக்கும். அதே கம்பெனியில் அடுத்த காரை எடுத்தால் பெரும்பாலும் அதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும், உள்ளேயும், மைல் காட்டும் திரையையும் படம் எடுத்துக்கொண்டு, மைலேஜ் எழுதிக் கையெழுத்திட்ட ரசீதை வாங்காமல் கிளம்பாதீர்கள். காரோடு இணைத்த போனையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள். டோல் டேக்கைக் கழற்றுங்கள். நான் போன முறை மறந்துவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அந்தக் கார் போன பாலத்துக்கெல்லாம் என் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது.